உப்புக் காற்றும் மடிக்கணினியும்

கற்பார்க்கு இன்றியமையாத கருவிகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. ஓலையும் எழுத்தாணியும் இருந்த இடத்தில் தாளும் மையும் வந்தன. அவையிருந்த இடத்தில் இன்று மடிக்கணினி வந்து அமர்ந்திருக்கின்றது. ஓலைச்சுவடி செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகும் என்பதனை அறிந்த நம் முன்னோர் அதற்கு மஞ்சளும் எண்ணெயும் தடவிக் காத்தனர். பழுதுறுமுன் படியெடுத்தும் வைத்தனர். மடிக்கணினிக்கு நேரும் கேடு யாது, அதனைக் காக்குமாறு எங்ஙனம், கெட்டவிடத்துச் செலவை ஏற்கக் கடமைப்பட்டவர் யாவர் என்னும் வினாக்களை, எம் ஊராகிய வேதாரண்யத்தை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. எல்காட் என்னும் அரசு நிறுவனம் மொத்தமாக வாங்கி வழங்கிய அக்கருவிகள் காவிரிக் கழிமுகத்து உழவர் மனைகளிலும் உப்பளத் தொழிலாளர் குடில்களிலும் புகுந்தன. பல மனைகளுக்கு அதுவே முதற் கணினி. 2025 மார்ச்சில் வெளியான வரவு செலவுத் திட்டத்திலும், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேர்க்கு இரண்டாண்டுகளில் கைக்கணினியேனும் மடிக்கணினியேனும் வழங்குவதாக அரசு அறிவித்தது. பெறுவது ஒரு நாட் செயல். நான்கைந்து ஆண்டுகள் வைத்து ஆள்வதன்றோ அரிது? வாங்கும் நாளில் வேகம் எவ்வளவு, திரை எவ்வளவு என வினவுவார் பலர். பழுதுற்றால் எங்கே கொண்டு செல்வது என வினவுவார் மிகச் சிலர். சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் பெருநகரத்தில் இருக்கும்; எம் ஊரிலிருந்து தஞ்சை ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

வேதாரண்யத்தின் கிழக்கே கடல். தெற்கே கோடியக்கரையைக் கடந்தாலும் கடலே. அகத்தியம்பள்ளி, கோடியக்காடு முதலிய இடங்களிற் கண்ணுக்கெட்டுந் தொலைவும் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. 1930 ஏப்ரல் 30-ஆம் நாள் இராஜாஜி உப்பெடுத்துச் சிறை புகுந்த நிலம் அது. அவ்வுப்பால் எம் ஊர் பெற்ற பெருமை பெரிது. ஆனால் மின்கருவிகளைப் பொறுத்தமட்டில் அவ்வுப்பைப் போலும் பகை வேறொன்றில்லை.

அப்பகை செயற்படும் முறை அறியத்தக்கது. அலை உடையுந்தோறும் நுண்ணிய உவர்த் திவலைகள் காற்றிலேறி ஊருக்குள் வருகின்றன. உப்பு உலர்ந்து கிடக்கும்வரை உலோகத்தை அரிக்கும் வலியிலது. அதற்கு ஈரத்தின் துணை வேண்டும். தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 75 ஆகுங்கால் நீரை ஈர்த்துத் தானே கரைந்துவிடும். கடலுப்போ தூயதன்று. அதனுட் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு நூற்றுக்கு 33 என்னும் அளவிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் அடுக்களை உப்புச் சாடி நீர் கசிந்து நிற்பதைக் காணாத தாய்மார் இலர். அந்நிகழ்ச்சியே, கண்ணுக்குத் தெரியாத அளவில், மடிக்கணினியின் மதர்போர்டின் மேலும் நிகழ்கின்றது.

மதர்போர்டிற் செப்புத் தடங்கள் மயிரிழை இடைவெளியில் நெருங்கி ஓடுகின்றன. இரு தடங்களுக்கிடையே உவர்நீர்ப் படலம் பரவினால், மின்னழுத்த வேற்றுமையால் ஒரு தடத்து உலோகம் கரைந்து மற்றதிற் படிந்து அங்கிருந்து வேர்போல வளரும். அவ்வேர் எதிர்த்தடத்தைத் தொட்டவுடன் ஷார்ட் ஆகிக் கருவி நின்றுவிடும். நன்றாக இயங்கிய கருவி ஒரு காலையிற் காரணமின்றி விழிக்க மறுப்பதன் மறைபொருள் பல வேளைகளில் இதுவே. பயன்படுத்தாமல் மூடி வைத்தால் தீங்கில்லை என்று கருதுவாரும் உளர். அது பொருந்தாது, அணைத்து வைத்தபோதும் பேட்டரியின் மின்னழுத்தம் சில தடங்களில் நின்றுகொண்டேயிருக்கும். நாள்தோறும் சிறிது நேரம் இயங்கும் கருவி தன் வெப்பத்தாலேயே ஈரத்தை ஓரளவு போக்கிக்கொள்கின்றது. மழைக்காலம் முழுதும் பெட்டியில் உறங்கும் கருவிக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

இனி விசிறி. வெப்பத்தை வெளியேற்ற அமைந்த அவ்வுறுப்பே புறக்காற்றை உள்ளிழுப்பதால், உப்பையும் தூசையும் உள்ளே கொணர்ந்து சேர்ப்பதும் அதுவே. விசிறியில்லாத கருவிகளும் கடைகளிற் கிடைக்கின்றன. எழுதவும் படிக்கவும் மட்டுமே வேண்டுவார்க்கு, எம் ஊர் போன்ற கடற்கரையூர்களில் அவையே ஏற்றவை என்பது எம் கருத்து.

பேட்டரியின் தேய்வு எவ்வூர்க்கும் பொதுவானது. லித்தியம் பேட்டரிகளுட் பெரும்பாலானவை 300 முதல் 500 முறை முழுதும் ஏற்றி இறக்கியபின் தம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். வெப்பமான அறையில் நூற்றுக்கு நூறு ஏற்றியபடியே வைத்திருப்பின் இத்தேய்வு விரைவுபடும். ஏற்றத்தை 80-ல் நிறுத்தும் வசதியைப் பல நிறுவனத்தார் கருவியிலேயே அமைத்துள்ளனர். அதனைத் தேடிக் கண்டு இயக்குதல் ஒரு நிமிட வேலை.

விளம்பரங்களிற் காணும் ‘இராணுவத் தரம்’ என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அமெரிக்கப் படைத்துறையார் வகுத்த 810 என்னும் எண்ணுடைய முறைநூலில், வீழ்ச்சி, அதிர்ச்சி, வெப்பம், ஈரம், மணல் எனப் பல சோதனைகள் உள்ளன. உப்புப் புகைச் சோதனை அதில் 509-ஆம் முறை. நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைந்த நீரைப் புகையாகத் தூவி 24 மணி நேரம் நனைத்து, 24 மணி நேரம் உலர்த்தி, மீண்டும் அவ்வாறே செய்வது அது. எச்சோதனைகளைச் செய்வதென்பது உற்பத்தியாளர் விருப்பம். படைத்துறையார் எக்கருவிக்கும் சான்று வழங்குவதில்லை. ஆகவே ‘810 தேறியது’ என்னும் சொல் கேட்டவுடன் மகிழாது, 509 அவற்றுள் உண்டோ என வினவுதல் வேண்டும். மேசையிலிருந்து விழுந்து பிழைக்கும் கருவி உப்பங்காற்றிலும் பிழைக்கும் என்பதற்கு யாதொரு உறுதியும் இல்லை.

வாரண்டிக்கு வருவோம். வாரண்டி என்பது செய்பொருளிலும் செய்முறையிலும் உள்ள குறைக்கு உற்பத்தியாளர் தாமே தரும் வாக்கு. கருவி கெடாது என்னும் உறுதியன்று. அதன் ஏட்டைப் புரட்டினால், நீர் புகுதல், துருவேறுதல், வீழ்ச்சி, மின்னழுத்த மாறுபாடு, இயற்கைச் சீற்றம் ஆகியவை விலக்கப்பட்டிருத்தலைப் பெரும்பாலும் காணலாம். வேதாரண்யத்தில் மடிக்கணினியைக் கெடுப்பவை எவை? அவையேயன்றோ! 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையிற் கஜாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அத்தகைய நாளில் ஓட்டைப் பிரித்துக்கொண்டு புகும் மழை நீருக்கு எந்த வாரண்டியும் பொறுப்பேற்பதில்லை. அதற்குத் தனியே காப்பீடு எடுத்திருத்தல் வேண்டும். விபத்துக் காப்பென விற்கப்படும் கூடுதல் திட்டத்தில் நீர் சிந்துதல் அடங்கலாம். துரு அடங்குமோ என்பதை எழுத்திற் கண்டபின்னரே பணம் செலுத்தல் தகும். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் உறவினர் கொணரும் கருவிகளுக்கு, வாரண்டி வாங்கிய நாட்டளவில் நின்றுவிடுதலும் உண்டு.

எனினும் விலக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் திரும்பிவிடுதல் கூடாது. எம் உறவினர் ஒருவர், உப்பளத்திற் கணக்கெழுதுபவர், தம் மகளின் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினி எட்டாம் மாதத்திற் கீல் முறிந்தது. அதனைச் சுமந்துகொண்டு நகரத்துச் சர்வீஸ் சென்டருக்குச் சென்றார். திறந்து பார்த்த இளைஞர், “உள்ளே உப்புப் பூத்திருக்கிறது ஐயா, வாரண்டியில் வராது” என்றார். எம் உறவினர் சினந்திலர். “சரி தம்பி, எந்த இடத்தில் உப்புப் பூத்திருக்கிறது, கீல் முறிந்ததற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை மட்டும் எழுதிக் கொடுங்கள்” என்றார். உப்பு இருந்தது சார்ஜர் செருகும் துளையருகே. முறிந்தது திரையைத் தாங்கும் கீல். அவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத அவ்விளைஞராற் கூடவில்லை. பின் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்கு அழைத்து முறையீட்டைப் பதிவு செய்தார். மூன்றாம் வாரம் கீல் இலவசமாக மாற்றப்பட்டது. துளைக்குரிய செலவை அவர் தாமே செலுத்தினார். இது நேரிய தீர்ப்பு என்றே எமக்குத் தோன்றுகின்றது. விலக்கு என்பது அவ்விலக்குக் காரணத்தால் விளைந்த பழுதுக்கே உரியது. கருவியின் ஒரு மூலையில் துரு இருப்பதால் மறு மூலையில் உள்ள செய்குறை மறைந்துபோகாது.

இங்ஙனம் வாதிடச் சட்டமும் துணை நிற்கின்றது. உப்பு அறப்போர் நிகழ்ந்த அதே 1930-ஆம் ஆண்டிலேயே சரக்கு விற்பனைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய சரக்கை வழக்கமாக விற்கும் வணிகர், விற்கத்தக்க தரமுடையதையே தருதல் வேண்டும் என்னும் நிபந்தனை, வெளிப்படச் சொல்லாதவிடத்தும் விற்பனையில் அடங்கியுள்ளதாக அச்சட்டம் கொள்கின்றது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டுக்கொண்டு, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுத்தலை அது முறையற்ற வணிகமென்கின்றது. பில்லில் காலம் குறிக்கப்படாதவிடத்து அதற்கு 30 நாள் எல்லையும் வகுத்துள்ளது. பில் தர மறுத்தலும் முறையற்ற வணிகமே.

எம் போன்ற சிற்றூரார்க்கு அச்சட்டத்திற் பெரிதும் பயனுடைய பகுதி வேறொன்று. முன்பு எதிர்த்தரப்பார் இருக்கும் இடத்திலோ வழக்கின் காரணம் தோன்றிய இடத்திலோ முறையிட வேண்டியிருந்தது. இப்பொழுதோ முறையிடுபவர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். பொருளுக்காகச் செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞரை அமர்த்துதலும் கட்டாயமன்று. காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிடல் வேண்டும். ஆகவே பில், வாரண்டி ஏடு, கருவியை ஒப்படைத்தபோது பெற்ற ஜாப் ஷீட், எழுதிய கடிதங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் இட்டு வைத்தல் நலம். பில்லின் மசி சில மாதங்களில் மங்கிவிடுமாதலால் அதனைப் படம்பிடித்து வைத்தலும் வேண்டும்.

வாரண்டி முடிந்தபின் கருவியின் வாழ்வு உள்ளூர்ப் பழுதுபார்ப்பார் கையில் உள்ளது. அவர்கள் திறமையை யாம் குறைத்து மதிப்பிடோம். உப்புப் பூத்த மதர்போர்டைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் தூரிகை தோய்த்துத் துடைத்து உலர்த்தி, அரித்த தடத்துக்கு மாற்றாக மெல்லிய கம்பியைப் பற்றவைத்து உயிர்ப்பிப்பவர்களை யாம் கண்டுள்ளோம். அவர்களுக்குள்ள இடர் கருவியைத் திறப்பதிலேயே தொடங்குகின்றது. திருமறைக்காட்டுத் திருக்கதவு திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுதும் பாட வேண்டியிருந்தது, அடைக்கச் சம்பந்தர்க்கு ஒரு பாடலே போதுமாயிற்று என்பது எம் ஊர் வரலாறு. இக்காலத்து மடிக்கணினிகளும் அத்தன்மையனவே: மூடுவது எளிது, ஒளித்த கொக்கிகளையும் பசையிட்டு ஒட்டிய பேட்டரியையும் உடையாது திறப்பதற்குப் பதிகம் பாடினும் போதாது. நினைவகத்தையும் பேட்டரியையும் திருகாணி கழற்றி மாற்றக்கூடிய கருவியை வாங்குதலே அறிவுடைமை. பிரான்சு நாட்டில் 2021 சனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில கருவிகளுக்குப் பழுதுபார்க்கும் எளிமையைப் பத்துக்கு இத்துணை என மதிப்பெண்ணிட்டே விற்றல் வேண்டும் எனச் சட்டம் செய்தனர். நம் நாட்டிலும் நுகர்வோர் துறையினர் 2022 டிசம்பர் 24-ஆம் நாள் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையத்தளம் திறந்து, நிறுவனத்தாரின் உதிரிப்பாகம், சேவை, வாரண்டி பற்றிய செய்திகளை ஓரிடத்திற் சேர்க்கத் தொடங்கினர்.

காக்குமாறு பற்றிச் சுருங்கச் சொல்வோம். கடல் நோக்கிய சாளரத்தருகே கருவியை வையற்க. இரவில் அதனை மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இடுக. அவை ஈரம் நிறைந்தால் மாற்றுக. மழைக்காலம் முடிந்தவுடன் ஆண்டுக்கொரு முறை உட்புறத்தைத் துடைப்பிக்க, வாரண்டிக் காலமாயின் நிறுவனத்தார் இசைவு பெற்று. மேசை இரும்பினதாய் மின்கசிவு உணரப்படின் வீட்டு எர்த்தைச் சோதிப்பிக்க. கருவியைப் பழுதுக்கு ஒப்படைக்குமுன் தன் எழுத்துக்களனைத்தையும் வேறோரிடத்திற் படியெடுத்துக்கொள்க. மதர்போர்டை மாற்றித் தரும் வாரண்டி, அதனுள் இருந்த ஆராய்ச்சிக் குறிப்பை மீட்டுத் தருவதில்லை.

பேட்டரி ஊதிப் புடைத்திருப்பின் அதனைக் குத்துதலும் அழுத்துதலும் தீப்பற்ற ஏதுவாகும். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, எரிபொருள் இல்லாத இடத்தில் வைத்துப் பழுதுபார்ப்பாரை அழைத்தல் வேண்டும். கழற்றிய பேட்டரியை உப்பங்கழியில் எறிவது எம் ஊரிற் சிலர் வழக்கமாய்விட்டது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்து, அதற்கும் ஒரு சீட்டுக் கேட்டு வாங்கலாம்.