சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்? எக்ஸெல்லில் கணக்குப் போடலாம்

எக்ஸெல் என்றாலே சம்பளப் பட்டியல், வட்டிக் கணக்கு என்று நினைத்துப் பலர் அதைத் திறப்பதே இல்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதைப் பழக, பிடித்த விளையாட்டு ஒன்றை எடுத்துக் கொள்வது நல்ல வழி. கிரிக்கெட்டை எல்லோரும் எடுத்துக் கொள்கிறார்கள். நான் இங்கு எடுத்துக் கொள்வது டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம்.

காரணம் உண்டு. எங்கள் திருபுவனை உள்பட புதுச்சேரிப் பகுதியில் பிரான்சில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் நிறைய. ஜூலை வந்தால் போனில் பந்தயப் பேச்சும் வரும். இந்தப் பந்தயத்தின் பெயரைச் சொல்லி என் அக்கா மகனின் மொபைலுக்கு ஒரு மெசேஜ் வந்தது. 500 ரூபாய் அனுப்பினால் முதல் மூன்று நாள் வெற்றியாளர்களின் பெயரை முன்கூட்டியே தருவார்களாம். கம்ப்யூட்டர் கணித்ததாம். "மாமா, கட்டலாமா?" என்று கேட்டான். உன்னிடமும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, முதலில் அதைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன்.

மூன்று வாரம் நடக்கும் பந்தயத்தில் முதல் மூன்று நாட்களைக் கணிப்பதுதான் சிரமம். யார் களைத்திருக்கிறார், யார் எத்தனை நிமிடம் பின்தங்கியிருக்கிறார் என்ற விவரம் எதுவும் அப்போது கிடையாது. 2025-ல் 23 அணிகள், அணிக்கு 8 பேர், ஆக 184 வீரர்கள் புத்துணர்ச்சியோடு நின்றார்கள். முதல் நாள் ஜெயிப்பவருக்கு மஞ்சள் சட்டையும் கிடைப்பதால் எல்லோருமே முட்டி மோதுவார்கள்.

டேபிள் தயாரித்தல்:

எக்ஸெல்லைத் திறந்து முதல் வரிசையில் ஆண்டு, நாள், முடியும் ஊர், பாதை வகை, வென்றவர், வீரர் வகை எனத் தலைப்புகள் கொடுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பினைப் பயன்படுத்தலாம். பாதை வகைக்கு மூன்றே சொற்கள் போதும்: சமதளம், குன்று, நேர ஓட்டம். ஓரிடத்தில் சமதளம் என்றும் மற்றோரிடத்தில் சமவெளி என்றும் டைப் செய்தால், கம்ப்யூட்டர் இரண்டையும் வேறு வேறாகவே எடுத்துக் கொள்ளும். இதனைத் தவிர்க்க, எக்ஸெல்லில் அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்திடவும். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என அமைத்து, சோர்ஸ் கட்டத்தில் மூன்று சொற்களையும் கமா போட்டு டைப் செய்து ஓகே தட்டவும். இனி கட்டத்தில் கிளிக் செய்தால் பட்டியல் விரியும்.

முக்கியமான ஒன்று. பாதை வகையை வரைபடத்தைப் பார்த்து முதலில் நிரப்பிவிட வேண்டும். வென்றவர் பெயரைப் பார்த்த பிறகு, "இவர் ஜெயித்திருக்கிறாரே, அப்படியானால் இது குன்றுதான்" என்று எழுதினால் கணக்கே கெட்டுவிடும்.

2021 முதல் 2025 வரை, ஆண்டுக்கு மூன்று நாளாக 15 வரிசைகள் வரும். சமதளத்தில் முடிந்தவை: பொந்திவி (2021, டிம் மெர்லியர்), நைபோர்க் (2022, பாபியோ யாகப்சன்), சோன்டர்போர்க் (2022, டிலன் குரூனவேகன்), பேயோன் (2023, யாஸ்பர் பிலிப்சன்), டூரின் (2024, பினியம் கிர்மே), லீல் (2025, பிலிப்சன்), டன்கர்க் (2025, மெர்லியர்). குன்றுகள் நிறைந்தவை: லாந்தர்னோ (2021, ஜூலியன் அலாபிலிப்), மூர் டி பிரத்தான் (2021, மாத்யூ வான் டெர் பூல்), பில்பாவ் (2023, ஆடம் யேட்ஸ், இரண்டாவதாக வந்தவர் அவருடைய இரட்டைச் சகோதரர் சைமன்), சான் செபாஸ்டியன் (2023, விக்டர் லபே), ரிமினி (2024, ரோமன் பார்டே), போலோன்யா (2024, கெவின் வொக்லான்), பூலோன் (2025, வான் டெர் பூல்). மீதி ஒன்று 2022-ல் கோபன்ஹேகனில் நடந்த 13.2 கி.மீ. தனிநபர் நேர ஓட்டம். அதில் வென்றவர் ஈவ் லாம்பேர்ட்.

இப்போது டேட்டா மெனுவில் பில்டர் கிளிக் செய்து, பாதை வகையில் சமதளம் மட்டும் தேர்ந்தெடுங்கள். திரையின் கீழே 15-ல் 7 ரெகார்டுகள் எனக் காட்டும். ஏழிலும் வென்றவர் ஸ்பிரிண்டர், அதாவது கடைசி 200 மீட்டரில் பாய்கிறவர். ஏழுக்கு ஏழு! ஆனால் பெயர்களை எண்ணுங்கள்: ஐந்து வெவ்வேறு ஆட்கள். குன்று எனத் தேர்ந்தெடுத்தால் ஏழு நாளுக்கு ஆறு ஆட்கள். எந்த வகை வீரர் என்பதைப் பாதை சொல்லிவிடுகிறது. எந்த வீரர் என்பதைச் சொல்வதில்லை. ஐந்து பேருக்கு ஐந்து பெயரை மெசேஜில் அனுப்பினால் ஒருவருக்குப் பலித்துவிடும், அவர் மறுபடியும் பணம் கட்டுவார். வியாபாரம் இவ்வளவுதான். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியது என்பதையும் மாப்பிள்ளைக்குச் சொல்லி வைத்தேன்.

மூன்றாம் நாள் மயக்கம்:

நாள் என்ற தலைப்பில் 3 எனத் தேர்ந்தெடுத்தால் ஒரு வேடிக்கை. ஐந்து ஆண்டும் ஸ்பிரிண்டர்தான்! "மூன்றாம் நாள் ஸ்பிரிண்டர் நாள்" என்று எழுதிவிடக் கை துடிக்கும். எழுத வேண்டாம். அந்த ஐந்து நாளும் சமதளமாக அமைந்ததுதான் காரணம். 2026 பந்தயத்துக்கு 2025 அக்டோபரில் அறிவித்த பாதையைப் பாருங்கள். முதல் நாள் பார்சிலோனாவில் அணிகளுக்கான நேர ஓட்டம். மூன்றாம் நாளே பிரெனே மலையில் லெஸ் ஆங்கிள் வரை ஏற்றம். நாள் எண்ணை நம்பிய விதி அங்கே உதவாது, பாதையை நம்பிய விதி உதவும். எக்ஸெல் எண்ணித் தரும். ஏன் என்று யோசிப்பது நம் வேலை.

டேபிளில் அடங்காதது காற்று. திருபுவனையிலிருந்து மாலையில் வில்லியனூர் பக்கம் சைக்கிள் மிதிப்பவருக்குக் கடற்காற்று முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்றில் முன்னால் போகிறவர் களைப்பார், பின்னால் ஒண்டுகிறவர் பிழைப்பார். அதனால் கூட்டம் கலையாது. பக்கவாட்டுக் காற்றில் ஒண்ட இடம் குறைவு. சாலையின் அகலத்துக்குச் சாய்வாகச் சிலர் மட்டுமே மறைந்து ஓட்டலாம். மற்றவர்கள் அறுந்து போவார்கள். 2025 முதல் நாள் லீலில் இப்படித்தான் கூட்டம் உடைந்தது. எவனபூல், ரோக்லிச் போன்ற பெரிய பெயர்கள் 39 விநாடி இழந்தார்கள். 2022-ல் டென்மார்க்கின் 18 கி.மீ. கடல் பாலத்திலும் அதே நடக்கும் என்று பலர் சொன்னார்கள். அன்று வீசியது எதிர்க்காற்று, ஒன்றும் நடக்கவில்லை. எனவே முந்தின இரவு வானிலைத் தளத்தில் காற்றின் திசையைப் பார்த்து, சாலையின் திசையோடு ஒப்பிட்டு, தனியாக ஒரு கட்டத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.

மார்க் போடுதல்:

"ஸ்பிரிண்டர் ஜெயிப்பார்" என்று மட்டும் எழுதாமல், எவ்வளவு நிச்சயம் என்பதையும் 0.9, 0.6 என எண்ணாக எழுதுங்கள். அது நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டின் வித்தியாசத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். 0.9 என்று சொல்லி நடந்தால் 0.01; நடக்காவிட்டால் 0.81. குறைவாக வாங்குபவரே கெட்டிக்காரர். 1950-ல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் மழைக் கணிப்புகளைச் சோதிக்கக் கொண்டு வந்த முறை இது. வாய்ச்சவடாலுக்கு நல்ல அபராதம் விழும். கோடையில் பிரான்ஸ் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால் இருப்பதால், முடிவு பெரும்பாலும் இரவு ஒன்பது மணியை ஒட்டி வரும். சாப்பிட்டு முடித்து மார்க் போட்டுவிடலாம்.

பந்தயம் நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. 2026 ஜனவரி 19 முதல் 23 வரை புனேயில் 437 கி.மீ. தூரத்துக்கு பஜாஜ் புனே கிராண்ட் டூர் நடந்தது. முதல் முறை நடந்ததால் அதற்குப் பழைய வரிசை ஒன்றுகூடக் கிடையாது. பாதை வகை மட்டுமே துணை. அதே பைலில் கீழே உள்ள பிளஸ் அடையாளத்தைக் கிளிக் செய்து, புனே என்ற பெயரில் இன்னொரு ஷீட் திறந்து அதன் ஒவ்வொரு நாளையும் ஏற்றி வையுங்கள்.