அவனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு!

எந்த லேடீஸ் ஹாஸ்டலிலும் ஒரு புத்தகம் மட்டும் அதன் சொந்தக்காரியிடம் இருக்கவே இருக்காது. முதல் மாடியில் கேட்டால், ‘மூணாவது மாடிக்குப் போயிருக்கு’ என்பார்கள். மூன்றாவது மாடியில் கேட்டால், ‘ஈ.சி.ஈ. பொண்ணு ஒருத்தி வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டா’ என்பார்கள். அட்டை மடங்கி, நடுவில் சாம்பார் கறை பட்டு, கடைசி அம்பது பக்கம் கண்ணீரில் உப்பி... செமஸ்டர் முடிவதற்குள் அது படும் பாடு இருக்கே!

அநேகமாக அது ஒரு காதல் நாவல். அதுவும் ‘பார்த்தான், சிரித்தாள், கல்யாணம், சுபம்’ ரகம் இல்லை. முதல் நூறு பக்கம் உருகி உருகிக் காதலிக்கும் ஜோடி, அடுத்த நூறு பக்கம் ஒருத்தரை ஒருத்தர் கிழித்துத் தொங்கவிடும். ஏன் என்று பார்த்தால், இருவரில் ஒருவர் வீட்டில் பல வருஷமாகப் பூட்டி வைத்த ஒரு ரகசியம்.

‘இதெல்லாம் ஒரு புக்கா?’ என்று பசங்க நக்கலடிப்பார்கள். (ஹீரோவோட அப்பாவை வில்லன் கொன்ன ஃப்ளாஷ்பேக்குக்கு தியேட்டரில் விசிலடிப்பதும் இதே பசங்கதான். அது வேற கதை.) நக்கலை விடுங்க. இந்த நாவல்களிடம் நிஜமாகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ரகசியம் வெளியே வந்ததும் கதை அதை வைத்து என்ன செய்கிறது? ஒருத்தன் ஏன் இப்படி ஆனான் என்று புரியவைக்கிறதா... இல்லை, ‘பாவம், விட்டுடு’ என்று நம்மிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறதா?

ஒரு எச்சரிக்கை. கீழே நாலைந்து நாவல்களின் சஸ்பென்ஸ் மொத்தமாக உடையப்போகிறது. ‘கதையைச் சொல்லிட்டியே’ என்று அப்புறம் திட்டக் கூடாது!

மாடி ரூம் ரகசியம்

இந்த ஃபார்முலாவுக்குக் கொள்ளுப்பாட்டி, சார்லட் பிரான்ட்டி எழுதி 1847-ல் வந்த ‘ஜேன் அயர்’. ஏழைப் பெண் ஜேன், பெரிய பங்களாவுக்குக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வருகிறாள். முதலாளி ரோச்செஸ்டருக்கு முன்கோபம். அவ்வப்போது மர்மச் சிரிப்புச் சத்தம் வேறு. சர்ச்சில் கல்யாணம் நடக்கிற நேரத்தில் குட்டு உடைகிறது. ஐயாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது. மனநிலை சரியில்லாத அந்த மனைவி பெர்த்தா, அதே வீட்டின் மேல்மாடியில் பூட்டப்பட்டிருக்கிறாள்.

ஜேன் என்ன செய்கிறாள்? கிளம்பிவிடுகிறாள். கையில் காசில்லாமல், போக இடம் இல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாக! 1847-ல் ஒரு ஹீரோயின் இதைச் செய்ததே பெரிய விஷயம். ஆனால் பெர்த்தாவிடம் அவள் தரப்பு என்ன என்று அந்த நாவலில் யாருமே கேட்கவில்லை. அதைக் கேட்க 119 வருஷம் ஆனது. கரீபியன் தீவில் பிறந்த ஜீன் ரைஸ், 1966-ல் ‘வைட் சர்காஸோ ஸீ’ என்ற நாவலை அந்த மாடி ரூம் மனைவியின் கதையாகவே எழுதினார். அதைப் படித்துவிட்டு ‘ஜேன் அயர்’ பக்கம் திரும்பினால், ரோச்செஸ்டர் மேல் முன்னே வந்த அந்தப் பரிதாபம் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

அடுத்து, டாஃப்னி டு மோரியே 1938-ல் எழுதிய ‘ரெபெக்கா’. இது இன்னும் வில்லங்கம். கதை சொல்லும் பெண்ணுக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது. அவளைவிட ரொம்ப மூத்தவரான மாக்ஸிம் டி வின்டருக்கு வாழ்க்கைப்பட்டு மாண்டர்லி என்ற மாளிகைக்கு வருகிறாள். செத்துப்போன முதல் மனைவி ரெபெக்காவின் நினைவு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் உட்கார்ந்திருக்கிறது. ‘இவர் இன்னும் அவளைத்தான் காதலிக்கிறார்’ என்று இவள் உள்ளுக்குள் வெந்து சாகிறாள். ஒருநாள் அவர் உண்மையைச் சொல்கிறார். காதலா? அவளைப் பிடிக்கவே பிடிக்காது. சுட்டுக் கொன்றதே நான்தான்!

இப்போ இந்தப் பொண்ணு அலறிக்கொண்டு ஓடணுமா, இல்லையா? ஓடவில்லை. ‘அப்பாடா, அவளை இவர் காதலிக்கவில்லை’ என்று நிம்மதி அடைகிறாள்! அதைவிடப் பயங்கரம், படிக்கிற நமக்கும் அந்த இடத்தில் நிம்மதி வருகிறது. அப்புறம் வரும் விசாரணையில் மாக்ஸிம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கம் புரட்டுகிறோம். ஒரு கொலைகாரனுக்காக! ரெபெக்கா எவ்வளவு கெட்டவள் என்று சொல்வதெல்லாம் மாக்ஸிமும் அவரைச் சுற்றி இருப்பவர்களும்தான் என்பது புத்தகத்தை மூடின பிறகுதான் உறைக்கிறது. 1940-ல் ஹிட்ச்காக் இதைப் படமாக எடுத்தபோது, கொலை செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பிப்பதாகக் காட்ட அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் விடவில்லை. ரெபெக்கா தடுக்கி விழுந்து செத்ததாக மாற்றிவிட்டார்கள். நாவலில் நாம் மன்னித்ததை, தணிக்கைக்காரர்களே மன்னிக்கவில்லை பாருங்க.

வாசகிகளைக் கேட்டவர்

இந்த மாதிரி நாவல் படிக்கும் பெண்களை மட்டம் தட்டியவர்கள் நிறைய. உட்கார்ந்து பேசிப் பார்த்தவர்கள் கம்மி. அப்படிப் பேசிப் பார்த்தவர்களில் ஒருவர், அமெரிக்கப் பேராசிரியை ஜானிஸ் ராட்வே. ஒரு சின்ன ஊரில், காதல் நாவல்களாக வாங்கித் தள்ளும் பெண்களைச் சந்தித்து ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ என்ற புத்தகத்தை 1984-ல் எழுதினார். ஊருக்கு ஸ்மித்டன் என்று புனைபெயர் வைத்துவிட்டார்.

அந்தப் பெண்கள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்கப் புருஷன், பிள்ளை, சமையல் என்று ஓடுகிறவர்களுக்கு, புத்தகம் கையில் இருக்கும் அந்த நேரம்தான் ‘என்னுடைய நேரம்’. சிலர் கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, முடிவு சுபமா என்று பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தையே எடுப்பார்களாம். (நம்ம அம்மாக்கள் சீரியலுக்கு இந்த வசதி இல்லையே என்று ஏங்குவது நினைவுக்கு வருகிறதா?)

ஆனால் ராட்வே இன்னொன்றையும் கவனித்தார். ஹீரோ முதல் பாதியில் முரடனாக, மட்டம் தட்டுகிறவனாக இருப்பான். பிற்பாதியில் ஒரு பழைய காயம் தெரியவரும். உடனே அந்த முரட்டுத்தனம் எல்லாமே காதல்தான், அவனுக்குக் காட்டத் தெரியவில்லை என்று ஹீரோயினும் வாசகியும் சேர்ந்து பழைய பக்கங்களுக்குப் புது அர்த்தம் எழுதிக்கொள்வார்கள். ஃப்ளாஷ்பேக்கின் வேலையே இதுதான். நடந்ததை மாற்றாது. நடந்ததற்குப் பெயரை மட்டும் மாற்றும்.

தமிழிலும் இது தெரிந்த சமாசாரம்தானே! ரமணிசந்திரன் காலத்திலிருந்து அம்மாவும் சித்தியும் மாற்றி மாற்றிப் படித்த நாவல்களில், தப்பாகப் புரிந்துகொண்டு பொரிந்து தள்ளும் ஹீரோக்கள் எத்தனை பேர்! இன்று கிண்டிலிலும் பிரதிலிபியிலும் தொடர்கதை எழுதுகிறவர்கள் இதற்கு ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கட்டாயத் தாலி, பழிவாங்கும் கல்யாணம், அப்புறம் ஹீரோவின் அம்மாவுக்கோ தங்கைக்கோ நேர்ந்த ஒரு அநியாயம்... முடிந்தது, மன்னிப்பு ரெடி.

சிறுவயதில் ஒரு துப்பாக்கி

இந்தப் பழக்கத்தைக் கையும் களவுமாகப் பிடித்த நாவல் என்றுதான் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ஸை நான் நினைக்கிறேன். எழுதியவர் கொலீன் ஹூவர். டெக்சாஸ்காரர், சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர், முதல் நாவலை 2012-ல் தானே வெளியிட்டவர். ‘இட் எண்ட்ஸ்’ வந்தது 2016-ல். சில வருஷம் கழித்துப் புத்தகம் பற்றிப் பேசும் வீடியோக்கள் வழியாக உலகமெங்கும் தீயாய்ப் பரவியது. 2024-ல் படமும் வந்தது.

லில்லி, பாஸ்டனில் பூக்கடை வைக்கிறாள். ஊரே மதிக்கும் அவள் அப்பா, வீட்டுக்குள் அம்மாவை அடிப்பவர். அவர் இறந்ததும், அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல மேடையேறியவள் எதுவும் சொல்லாமல் நிற்கிறாள். அவள் வாழ்க்கையில் ரைல் வருகிறான். மூளை அறுவை சிகிச்சை டாக்டர், அழகன், சிரிக்க வைப்பவன். பாதி நாவல் வரை ஹூவர் அவனை அநியாயத்துக்கு நல்லவனாக எழுதியிருக்கிறார். அது வேண்டுமென்றே வைத்த பொறி! அவன் முதல்முறை கை ஓங்குவது ஒரு அற்ப விஷயத்துக்கு. அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் கையைச் சுட்டுவிடுகிறது, லில்லி சிரித்துவிடுகிறாள், அவ்வளவுதான். ‘கை சுட்ட வலியில் அப்படிப் பண்ணிட்டான்’ என்று அவள் சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். நேர்மையாகச் சொல்லுங்க, படிக்கும்போது நாமும் அதைத்தானே சொல்லிக்கொண்டோம்?

அப்புறம் ஃப்ளாஷ்பேக். ஆறு வயதில் ரைல், துப்பாக்கியை வைத்து விளையாடும்போது தவறுதலாகத் தன் அண்ணனையே சுட்டுவிட்டான். கேட்கவே நெஞ்சு அடைக்கிறது. பழைய ஃபார்முலாப்படி இதோடு எல்லாம் சரியாகி, மழையில் கட்டிப்பிடித்து, சுபம் போட்டிருக்க வேண்டும். இந்த நாவலில் அதன் பிறகும் அடி விழுகிறது. முன்பைவிட மோசமாக. காரணம் தெரிந்ததால் அடியின் வலி குறையவில்லை.

இங்கே ஹூவர் செய்த புத்திசாலித்தனமான வேலை ரெண்டு. ஒன்று, ரைலின் தங்கை அலிசா. லில்லியின் உயிர்த்தோழியும் அவள்தான். அண்ணனின் தங்கையாக ‘மன்னித்துவிடேன்’ என்றுதான் ஆசைப்படுகிறாள். ஆனால் தோழியாக, ‘திரும்ப அவனிடம் போனால் உன்கூடப் பேசவே மாட்டேன்’ என்கிறாள். ஃப்ளாஷ்பேக் முழுவதும் தெரிந்த சொந்தத் தங்கையே சொல்கிறாள்! இரண்டாவது, அட்லஸ். லில்லியின் பள்ளிக்காலத் தோழன். பெற்ற அம்மாவும் அவள் கணவனும் துரத்திவிட, பாழடைந்த வீட்டில் குளிரில் ஒண்டிக்கிடந்தவன். ஃப்ளாஷ்பேக் என்றால் அவனுக்கும்தான் இருக்கிறது. அவன் யாரையும் காதலின் பெயரால் அடிக்கவில்லை. வளர்ந்து சமையல்காரனாகி ரெஸ்டாரண்ட் நடத்துகிறான்.

எங்க பாடத்தில் ‘ஃபெயிலியர் அனாலிசிஸ்’ என்று ஒன்று வரும். ஷாஃப்ட் ஏன் உடைந்தது, விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்போம். காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக அதே ஷாஃப்ட்டைத் திரும்ப மெஷினில் மாட்டச் சொல்லி எந்தப் புரொஃபசரும் சொன்னதில்லை.

ஹூவரின் சொந்தக் கதையும் இதில் இருக்கிறது. நாவலின் கடைசியில், தன் அம்மா அடித்த அப்பாவைவிட்டு வெளியே வந்தவர் என்று எழுதியிருக்கிறார். அதே ஹூவர் 2023 ஜனவரியில் இந்த நாவலை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் போடப்போவதாக அறிவிக்க, ‘அடிவாங்கிய பெண்ணின் கதைக்குக் கலர் பென்சிலா?’ என்று வாசகர்கள் கொதித்துப்போனார்கள். திட்டம் உடனே கைவிடப்பட்டது. படத்தைப் பூப்போட்ட டிரெஸ், தோழிகளோடு ஜாலி என்று விளம்பரப்படுத்தியதற்கும் 2024-ல் செம திட்டு விழுந்தது. நியாயமான திட்டு!

எல்லா ரகசியமும் அடிதடியில் முடிவதில்லை என்பதற்கு எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ (2020) இருக்கிறது. ஜனவரி என்ற பெண், அப்பாவின் சாவு வீட்டில், அப்பாவுக்கு இன்னொரு காதலி இருந்ததைத் தெரிந்துகொள்கிறாள். அம்மாவுக்கு அது முன்பே தெரியும் என்பதுதான் இன்னும் வலி. பெற்றவர்கள் காதலைப் பார்த்துக் காதலை நம்பியவளுக்கு, இனி எதை நம்புவது? பக்கத்து வீட்டு கஸ்ஸுக்கும் ஒரு கொடுமைக்கார அப்பா உண்டு. அவன் தன் காயத்தைப் பேசவே திணறுகிறான், ஆனால் அதை வைத்து அவளை மிரட்டவில்லை. லேசான, சிரிக்கவைக்கும் புத்தகம். மிட்-செம் முடிந்த ராத்திரிக்குப் பொருத்தம்.

‘ஆனாலும் ரைல் பாவம்டீ’ என்று சொல்லும் ஒருத்தி எல்லா ஹாஸ்டலிலும் இருப்பாள். ‘நீ யார்கூட போன்ல பேசினே?’ என்று மணிக்கொருதரம் லாக் பார்க்கும் ஆளை, ‘சின்ன வயசுல அவங்க அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்க, அதான்’ என்று தாங்கிப் பேசுகிறவளும் அங்கேயே இருப்பாள். சில சமயம் ரெண்டு பேரும் ஒருத்தியேதான். அவளைப் புத்தகம் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அந்த வசனம் அவள் படிப்பதற்கு முன்பே வீட்டில் கேட்ட வசனம். ‘அப்பா அப்படித்தான், ஆபீஸ்ல டென்ஷன்.’ நம்ம ஊரில் 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கை ஓங்குவதை மட்டுமல்ல, வார்த்தையாலும் மனசளவிலும் படுத்துவதையும் வன்முறை என்றுதான் சொல்கிறது. டென்ஷன் என்று ஒரு விலக்கு அதில் இல்லை.

லில்லி முடிவெடுக்கும் இடம் பிரசவ ஆஸ்பத்திரி. மகளைக் கையில் ஏந்தி நிற்கும் ரைலிடம் அவள் சண்டை போடவில்லை. நாளைக்கு இவள் வந்து, என் காதலன் என்னை அடித்தான் என்று சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று மட்டும் கேட்கிறாள். அவன் அழுகிறான். பதில் அவனுக்கே தெரியும். அவள் விவாகரத்து கேட்கிறாள்.

2022-ல் ‘இட் ஸ்டார்ட்ஸ் வித் அஸ்’ என்று இரண்டாம் பாகம் வந்தது. அட்லஸோடு லில்லி சேர்வதைப் படிக்க ஆவலாகப் போனால், அதில் பாதி அவஸ்தை வேறு. குழந்தையை ரைல் எந்தெந்த நாள் கூட்டிப்போவது, கோபம் வந்தால் அந்த நேரத்தில் குழந்தை பக்கத்தில் இருக்கலாமா, இவள் யாரோடு பழகுகிறாள் என்று அவனிடம் எப்படிச் சொல்வது... காதல் நாவல்கள் வழக்கமாகத் தொடவே தொடாத ஏரியா! முதல் பாகம் அளவுக்கு விறுவிறுப்பு இல்லைதான். ஆனாலும் முதலாவதைப் படித்தவர்கள் இதைக் கைவிடாதீர்கள். எங்க ஹாஸ்டல் காப்பி இப்போ இரண்டாவது மாடியில் இருப்பதாகத் தகவல்.