இரத்தம் சொல்லாததைத் தண்டுவட நீர் சொல்லும்

எச்ஐவி தொற்றுள்ளவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் சிகிச்சை வெற்றி எனக் கருதப்படுகிறது. ஆனால், இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலான இயற்கைத் தடுப்பைப் பல மருந்துகள் எளிதில் கடப்பதில்லை. இரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தும், நரம்புப் பாதிப்புடன் வந்த சிலரின் தண்டுவட நீரில் அது பெருகியிருந்ததை 2018இல் வெளியான புனே ஆய்வு காட்டியது.

டோலுடெகிராவிர் சோதனை மருந்தாக இருந்தபோதே வெளிநாட்டில் இந்தக் கோணத்தில் ஆராயப்பட்டது. பங்கேற்றவர்கள் 13 பேர். அனைவரும் வெள்ளையின ஆண்கள். முதுகெலும்பில் ஊசி செலுத்தி நீர் எடுக்கும் சோதனைக்கு இசைவோர் குறைவுதானே! 16ஆம் வாரத்தில், ஆய்வில் நீடித்தவர்களின் தண்டுவட நீரில் வைரஸ் மில்லிலிட்டருக்கு 50 பிரதிகளுக்கும் கீழே இறங்கியிருந்தது. முடிவுகள் 2014இல் வெளியாயின.

இந்தியாவில் தொற்றுடன் வாழ்வோர் சுமார் 25 லட்சம் பேர். 2020 முதல் அரசு இலவசமாக வழங்கும் கூட்டு மாத்திரையில் டோலுடெகிராவிரும் உண்டு. ஆனால் இங்கு மிகுதியாகப் பரவியிருப்பது மேலை நாடுகளின் 'பி' வகையன்று, 'சி' வகை வைரஸ். பெங்களூருவின் ஹெப்பகோடி முதல் ஐதராபாத் வரை மருந்து ஆய்வகங்களையும் ஆலைகளையும் கொண்ட நாடு, 13 வெளிநாட்டவரின் தண்டுவட நீரோடு நிறைவடைவது பொருத்தமாகாது. அரசு மையங்களின் வழக்கமான வைரஸ் பரிசோதனையோ இரத்தத்தோடு நின்றுவிடுகிறது.