பால் சுரக்கவில்லையா? எவ்வளவு ரத்தம் போனது?

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவில்லை என்றால் வீட்டில் வைத்தியம் உடனே தொடங்கிவிடும். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கருவாடு. நான்கு நாளாகியும் பலனில்லை என்றால், "ஒழுங்கா சாப்பிடுறாளா?" என்று பேச்சு அவள் பக்கம் திரும்பும். பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும்.

பால் சுரக்கவும், மாதவிலக்கு வரவும், தைராய்டும் அட்ரினலும் வேலை செய்யவும் உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. கர்ப்பத்தில் அது பருத்துவிடுகிறது; அதற்கு ஏற்ற அளவில் ரத்த ஓட்டம் கூடுவதில்லை. பிரசவத்தில் உதிரம் பெருகி ரத்த அழுத்தம் சரிந்தால், சுரப்பியின் முன்பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துவிடக்கூடும். 1937இல் பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் ஹெரால்ட் ஷீஹன் இதை விளக்கி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

ரத்தம் ஏற்றி, உயிர் பிழைத்து, அவள் வீடு திரும்புகிறாள். பால் இல்லை. மாதவிலக்கு திரும்பவில்லை. அக்குள் முடி உதிர்கிறது. சித்திரை வெயிலிலும் குளிர்கிறது. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. "பச்ச உடம்பு, போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். சோகை என்பார் ஒருவர், சோம்பேறித்தனம் என்பார் இன்னொருவர். பிறகு ஒருநாள் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து, ரத்தத்தில் சோடியம் இறங்கி நினைவு தப்பும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. அதற்குள் பத்தாண்டுக்கு மேல் ஓடியிருப்பதும் உண்டு.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. பிள்ளை பெற்ற, 20 வயதைக் கடந்த பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று அது கணித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

சிகிச்சை தினசரி மாத்திரைதான்: ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு, தைராக்ஸின். ஆனால் வரிசை மாறக் கூடாது. ஸ்டீராய்டு கொடுக்காமல் தைராக்ஸினை மட்டும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம். தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். பரிசோதனையை மட்டும் நம்பினாலும் ஏமாற நேரும். நோய் இருக்கும்போதே அது இயல்பான அளவைக் காட்டக்கூடும்.

உதிரப்போக்கை நிறுத்துவதே முதல் வேலை என்பார்கள் மகப்பேறு மருத்துவர்கள். பால் வராததற்கு வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். இரண்டும் உண்மை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில், அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தை அளந்து உடனடியாகச் சிகிச்சை தொடங்கியதில் கடும் பாதிப்புகள் 60 சதவீதம் குறைந்ததாக 2023இல் தெரியவந்தது. ஆனால் அளந்த அந்த எண், தாயோடு வீட்டுக்குப் போகிறதா என்பதே கவலை. சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய தாய்மாரைக் கணக்கெடுக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறையும் பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாளோடு நின்றுவிடுகிறது.

45ஆம் நாள் ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வருகிறாள். குழந்தைக்கு எடை பார்க்கும் மேசையிலேயே அவளிடமும் இரண்டு கேள்வி கேட்கலாம்: "பிரசவத்துல ரத்தம் ஏத்துனாங்களாம்மா? பால் வருதா?"