பதிவேட்டில் நிரப்பாமல் விட்ட கட்டம்

கல்வராயன் மலையில் மழை பிடித்தால் அடிவாரத்தில் இரண்டு அணைகள் நிறையத் தொடங்கும். கச்சிராயபாளையத்தை ஒட்டிய கோமுகி அணையின் கொள்ளளவு சுமார் 561 மில்லியன் கன அடி. மணிமுக்தா அணையுடையது சுமார் 737. இரண்டும் சேர்ந்தால் 1,298. இவ்வளவு எளிய கூட்டலில் ஒரு மென்பொருள் தவறிய கதை இது.

பல கணினிகளின் வட்டுகளை இணைத்து, ஒரே பெரிய சேமிப்பிடமாகக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. கிளஸ்டர்எஃப்எஸ் அவற்றில் ஒன்று. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 2005இல் தொடங்கிய அவர்களது நிறுவனத்தை 2011இல் ரெட் ஹேட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. மென்பொருளோ யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்.

இதில் ஒவ்வொரு வட்டிலும் ஒதுக்கப்படும் பகுதிக்கு 'பிரிக்' என்று பெயர். மொத்தக் கணக்கு எழுதும் தலைமைக் கணக்குப்பிள்ளை யாரும் இல்லை. இடம் எவ்வளவு என்று 'டிஎஃப்' கட்டளை கேட்டால், ஒவ்வொரு பிரிக்கும் தன் வட்டின் அளவைச் சொல்லும். அவற்றைக் கூட்டி விடை வரும். ஒரே கோப்பு மூன்று பிரதிகளாக வைக்கப்படும் இடத்தில், மூன்று வட்டுகளுக்கும் சேர்த்து ஒரு வட்டின் அளவே காட்டப்படும். அது பிழையன்று.

சிக்கல், ஒரே வட்டில் இரண்டு பிரிக் இருக்கும்போது வந்தது. கோமுகி அணையின் இரண்டு மதகுகளில் நிற்கும் இருவரும் தனித்தனியே "561" என்று எழுதி அனுப்பினால், மேலிடத்தில் 1,122 ஆகிவிடும். இல்லாத தண்ணீரை நம்பிப் பாசனத்துக்குத் திட்டமிடுவார்கள். இதைத் தடுக்க ஒரு வகுத்தல் சேர்க்கப்பட்டது: ஒரே வட்டை எத்தனை பிரிக்குகள் பகிர்கின்றனவோ, அந்த எண்ணால் ஒவ்வொன்றும் தன் அளவை வகுத்துச் சொல்ல வேண்டும். நியாயமான திருத்தம்தான்.

ஆனால் 2017இல், 3.12 வரிசைப் பதிப்புகளுக்கு மாறிய சிலர் திடுக்கிட்டார்கள். தனித்தனி வட்டுகள் இருந்தும் மொத்த அளவு பாதியாக, சில இடங்களில் அதற்கும் கீழாகக் காட்டியது. காரணம் அடையாள எண். எந்தப் பிரிக் எந்த வட்டில் இருக்கிறது என்பதை, அதன் கோப்பு முறைமைக்குரிய எண்ணை வைத்தே மென்பொருள் அறிகிறது. பழைய பதிப்பிலிருந்து வந்த பிரிக்குகளுக்கு அந்த எண் பதிவேட்டில் ஏறாமல் 0 என்றே நின்றது. எல்லாம் 0 என்பதால் எல்லாம் ஒரே வட்டு என்று மென்பொருள் முடிவு செய்து வகுத்துவிட்டது. அணையின் பெயர் எழுத வேண்டிய கட்டம் இரண்டு தாள்களிலும் காலியாக இருக்க, கோமுகியும் மணிமுக்தாவும் ஒன்றே என்று கருதி 1,298-ஐ 649 ஆக்கியது போல.

தரவில் ஓர் எழுத்தும் அழியவில்லை. எண் மட்டுமே தவறு. ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் புதிய வட்டு வாங்குகிறார்கள், பழைய கோப்புகளை அழிக்கிறார்கள். தற்காலிகமாக, அமைப்புக் கோப்பில் பகிர்வு எண்ணை 1 என்று மாற்றி எழுதும் சிறு நிரலால் பலர் சமாளித்தார்கள். நிலையான திருத்தம், விடுபட்ட அடையாள எண்களைக் கண்டு நிரப்புவதாக அமைந்தது.

சேமிப்பு அமைப்பைப் பராமரிப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. பதிப்பை மாற்றுமுன் மொத்த அளவைக் குறித்து வையுங்கள். மாற்றிய பின் ஒவ்வொரு வட்டின் அளவையும் தனியே பார்த்து, நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கூட்டல் ஒத்துவராவிட்டால், எது காலியாக விடப்பட்டிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.