புதுத் தொட்டியில் மீன்கள் மடிவது ஏன்?

தொட்டி, செடி, மீன் மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வந்து, ஒரு வாரத்திற்குள் மீன்களைப் பறிகொடுக்கும் வீடுகள் பல. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். பழி கடைக்காரர் மீது விழும். ஆனால், பெரும்பாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாதான்.

மீன்கள் செவுள் வழியாக அதை வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. ஓடையில் இதைக் கவனித்துக்கொள்ள நுண்ணுயிரிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் செடிக்கு உரம். அளவோடு இருந்தால் மீனுக்குக் கெடுதல் இல்லை. நைட்ரைட் அப்படியல்ல. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் தடுப்பதால், மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து திணறும்.

இந்த நுண்ணுயிரிகள் ஃபில்டர் பஞ்சில் குடியேறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இரண்டாம் வகை தாமதமாகவே பெருகும். அம்மோனியா குறைந்ததும் மீன் விடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

எனவே முதலில் செடிகளை நெருக்கமாக நட்டு, ஃபில்டரை இரவு பகலாக ஓடவிட வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி தூவினால் நுண்ணுயிரிகளுக்கு உணவு கிடைக்கும். ஹைட்ரில்லா போன்ற வேகமாக வளரும் செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும். நம் நாட்டு ஓடைகளிலேயே வளரும் கிரிப்டோகோரைன், புது இடத்தில் இலைகளை அழுகவிடும். அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அழுகிய இலைகளை மட்டும் அகற்றினால் போதும்.

சோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து சில நாள்கள் பூஜ்யம் காட்டினால், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மூன்று நான்கு மீன்களாக விடலாம்.

குழாய் நீரின் குளோரின் இந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும். பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் சேர்க்கப்படுகிறது. வாளியில் ஓரிரவு வைத்தாலும் அது போகாது. குளோரின் நீக்கும் மருந்து தேவை.

மீன்களை ஏற்கெனவே விட்டுவிட்டவர்கள் தீனியைக் குறைத்து, மருந்திட்ட நீரால் தினமும் கால்பங்கு மாற்றிவர வேண்டும். நண்பர் வீட்டுப் பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால், காத்திருப்பு வெகுவாகக் குறையும்.