நான்தான் பிள்ளை



திருக்குறளில் 17ஆவது அதிகாரம் அழுக்காறாமை. பிறருடைய ஆக்கத்தைக் கண்டு பொறுக்க மாட்டாத மனநிலையே அழுக்காறு என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் விளக்கம் கூறி வருபவன் நான். அந்தச் சொல்லைப் பிழையான இடத்தில் பிரயோகித்தவனும் நான்தான். என் சொல்லுக்கு ஆளானவள் நான்கு வயதே நிரம்பிய என் மகள்.

2014ஆம் ஆண்டு எமக்கு மகன் பிறந்தான். மகள் படுத்துறங்கிய அதே ஏணையில் அவனைக் கிடத்தினோம். அதுவரை தானாகச் சோறு உண்டவள் ஊட்டிவிடச் சொல்லி அடம்பிடித்தாள். எப்போதோ விட்டுவிட்ட சூப்பிப் போத்தலைக் கேட்டாள். இரவில் பாயை நனைத்தாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்த உறவினர் எல்லோரும் குழந்தையையே சூழ்ந்து நின்றனர். அவர்கள் போன பின்னர் ஏணைக்குள் கையை விட்டுக் குழந்தையைக் கிள்ளிவிட்டாள். “இந்த வயதிலேயே இவ்வளவு பொறாமையா? நீ அக்கா அல்லவா?” என்று அதட்டி, அவளை மூலையில் நிறுத்தினேன். விம்மலுக்கிடையே அவள் சொன்னாள்: “நான் அக்கா இல்லை. நான்தான் பிள்ளை.”

யாழ்ப்பாணத்து வீடுகளில் ‘பிள்ளை’ என்பது செல்லமாக அழைக்கும் பெயருமாகும். நான்கு ஆண்டுகளாக அவளுக்கே உரியதாயிருந்த அந்தப் பெயர் ஒரே நாளில் கைமாறிவிட்டது. “பிள்ளை அழுகிறது”, “பிள்ளைக்குப் பசி” என்றால் இப்போது அது தம்பியைக் குறித்தது. நமது அன்றாடத் தமிழில் உடன்பிறந்தவரை மூத்தவர், இளையவர் என்று பிரிக்காமல் அழைக்க முடியாது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றே சொல்ல வேண்டும். ஆகவே இளையது பிறந்ததும் மூத்ததற்குக் கேளாமலே ஒரு பதவி வந்து சேர்கிறது. பதவியுடன் விட்டுக்கொடுத்தல், பொறுத்துக்கொள்ளல் முதலிய கடமைகளும் வந்துவிடுகின்றன. தமிழ் கற்பிக்கும் எனக்கு இதனை உணர்த்தியவள் ஒரு பாலகியே.

ஒஸ்திரிய நாட்டு உளவியலாளர் அல்பிரட் அட்லர் (1870–1937) இத்தகைய மூத்த பிள்ளையை அரியணை இழந்த அரசனுக்கு ஒப்பிட்டார். ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் என்னும் இருவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை அவதானித்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டனர். தாய் குழந்தையைக் கவனித்துக்கொண்டிருக்கும் வேளைகளில் மூத்த பிள்ளையின் குழப்படி கூடுவதை அவர்கள் கண்டனர். ஆக, குழப்படி என்பது பெரும்பாலும் தாயை அழைக்கும் குரலேயாகும். அவர்கள் கண்ட இன்னொன்றும் நமக்குப் பயனுடையது. “தம்பி ஏன் அழுகிறான்? அவனுக்கு என்ன வேண்டும்?” என்றவாறு, குழந்தையையும் ஓர் ஆளாக மதித்து மூத்த பிள்ளையுடன் தாய் உரையாடிய வீடுகளில், ஓராண்டுக்குப் பின்னர் பிள்ளைகளிடையே நட்பு மிகுந்திருந்தது.

இவற்றையெல்லாம் நான் பிற்காலத்திலேயே படித்தேன். அன்று எனக்கு வழிகாட்டியவர் என் தாயார். “மோனை, அவளுக்குத் தம்பியில கோவமில்லை. உங்கள் இரண்டு பேரையும்தான் தேடுறாள். கிள்ள விடாதை, ஆனால் அவளை மூலையில விடாதை” என்றார்.

நாம் அனைவரும் அறிந்த மாம்பழக் கதையும் இதையே சொல்கிறது. பழம் தமையனுக்குப் போய்விட, கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ‘பழம் நீ’ என்று தேற்றியதாகப் பழனிக்குப் பெயர்க் காரணம் கூறுவர். அங்கே கோபித்த பிள்ளையை யாரும் பொறாமைக்காரன் என்று பழிக்கவில்லை. இன்னொரு பழம் கொடுத்துச் சமாளிக்கவும் இல்லை. பழத்திலும் நீ பெரியவன் என்று உணர்த்தினார்கள்.

நாங்களும் அவ்வாறே செய்ய முயன்றோம். குழந்தை உறங்கும் வேளையில் தாயின் மடி மகளுக்குரியதாயிற்று. மாலையில் பத்து நிமிடம் நான் அவளுடன் மட்டும் இருந்தேன். கிள்ளினால் கையைப் பிடித்துத் தடுத்து, “அம்மா உன்னிடம் வரவில்லை என்று கோபமா?” என்று கேட்டோம். அவளை அவளுடைய பெயராலேயே அழைத்தோம். அழுகை ஒரே நாளில் நிற்கவில்லை; மெல்ல மெல்லக் குறைந்தது. சில மாதங்கள் சென்றபின் ஒருநாள், அழுத தம்பியிடம் ஓடிச்சென்று, “அழாதை, அக்கா வந்திட்டன்” என்றாள். நாம் சூட்டியபோது மறுத்த பெயரைத் தானே எடுத்துக்கொண்டாள்.

இப்பொழுதும் அந்த அதிகாரத்தைக் கற்பிக்கிறேன். வள்ளுவர் கடிந்த அழுக்காறு, நன்மை தீமை அறிந்த வளர்ந்தோருக்குரியது என்பது என் துணிபு. தன் இடம் பறிபோயிற்றோ என்று அஞ்சும் குழந்தைக்கு அந்தச் சொல்லைச் சூட்டாதிருப்போமாக.